தன்னை மன்னிக்கத் தெரிந்தவர்

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லவற்றை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஒன்று, அவர் ஊசி போட்டால் குழந்தை வீறிடாது. ஊசி உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் அதற்குச் சந்தேகம் வந்து உதட்டைப் பிதுக்கும். இரண்டு, கொரோனா காலத்தில் மற்றவர்கள் விடுப்புக்கு வழி தேடியபோது அவர் தினமும் வேலைக்கு வந்தார். மூன்று, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்தை வெட்ட வந்த ஆட்களைத் தனியாக நின்று திருப்பி அனுப்பினார். இனி மற்றவை.

படிப்பு முடிந்த கையோடு நான் மருந்தாளுநராகச் சேர்ந்த ஆரம்ப சுகாதார நிலையம் அது. பென்னாகரம் தாலுகாவில், ஏரியூரையும் தாண்டிப் போக வேண்டும். மாத்திரைகளும் தடுப்பூசிக் குளிர்பெட்டியும் என் பொறுப்பு. அவர் எங்கள் மூத்த கிராம சுகாதார செவிலியர். எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. பெயர் இருந்தது, இங்கே வேண்டாம்.

தப்பு செய்கிறவர்களில் மறைப்பவர்கள் உண்டு, ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. சிஸ்டர் இரண்டிலும் சேராதவர். ஒப்புக்கொள்வார், ஆனால் தன்னிடம் மட்டும். விசாரணை அவருக்குள்ளேயே நடந்து, தீர்ப்பும் அங்கேயே வந்துவிடும். நமக்கு விஷயம் தெரிய வரும்போது அவர் விடுதலையாகி வெளியே நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு மொழி கிடைத்தது ஆன்லைன் பயிற்சி வந்த பிறகுதான். மருத்துவப் பணியாளர்கள் தங்களிடமே கனிவாக இருக்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சி. வாரத்துக்கு ஒரு மதியம், கூட்டம் குறைந்த பிறகு, மீட்டிங் ஹாலில். லேப்டாப் என்னுடையது, இணையம் என் செல்போனுடையது, சத்தம் வராவிட்டால் திட்டு வாங்குவதும் நானே. திரையில் சென்னையிலிருந்து மெல்லிய குரலில் ஒரு பயிற்சியாளர் பேசுவார். அவரைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பல ஊர்ச் செவிலியர்கள். ஒருவர் வாராவாரம் தன் வீட்டு மின்விசிறியை மட்டுமே காட்டினார்.

பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி, ஒரு பிரசவத்தில் குழந்தை தங்காமல் போனதைத் தன் தப்பாகவே நினைத்து மாதக்கணக்கில் தன்னைத் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் தப்பே இல்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. வகுப்பில்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். மறுநாள் டிபன் பாக்ஸைக் காலி செய்து மூடினாள். மருந்து நல்ல மருந்து. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் எடுத்து விழுங்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. என் தொழிலில் அது முதல் பாடம்.

சிஸ்டர் விழுங்கினார். வலது கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, "இது கஷ்டமான நேரம். நான் என்கிட்ட கனிவா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும் என்பது பாடம். கஷ்டமான நேரத்தில்தான் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தப் பயிற்சியாளர் சொன்னார். சிஸ்டருக்கு எல்லா நேரமும் கஷ்டமான நேரம். ஒருநாள் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கண்ணை மூடியிருந்தார்.

"அம்மா, எனக்கு பஸ் போயிருமுங்க."

"இருங்கய்யா. நான் மொதல்ல எனக்கு இருந்தாத்தான் அப்பறம் உங்களுக்கு இருக்க முடியும்."

பெரியவர் மருந்துச் சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இந்தம்மாவுக்கு நெஞ்சு வலிங்களா?" என்றார்.

தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் பயிற்சி ஒன்றும் இருந்தது. வராந்தாவில் நின்று, இரண்டு கைகளையும் குறுக்கே போட்டு, தன் தோள்களைத் தானே தட்டிக்கொள்வார். எங்கள் வண்டி ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "சிஸ்டர் குளுருல நடுங்கறாங்க மேடம், ஒரு போர்வ எடுத்துக் குடுங்க" என்றார். அது மே மாதம்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஒரு காலையில் தடுப்பூசி அறைச் சாவியைத் தன் கைப்பையிலேயே வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். முந்தின நாள் மாலை நான் கேட்டபோது ஆணியில் மாட்டிவிட்டதாகச் சொன்னவர். ஊருக்குப் போக வேண்டிய செவிலியர்கள் பெட்டியோடு வராந்தாவில் காத்திருக்க, அவர் மெதுவாக வந்து இறங்கினார்.

"சிஸ்டர், சாவி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாப்பா, உன் முகத்துல கோபம் தெரியுது. அது உன்னோடது. நான் அத வாங்கிக்க மாட்டேன்."

"கோபத்த நானே வெச்சுக்கறேன். சாவியக் குடுங்க."

கொடுத்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார். திட்டுகிற மேலதிகாரியிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியும். கையை நீட்டினால் விரல் மெத்தையில் புதைவதுபோல் ஒருவர் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஐஸ் பேக் விஷயம் பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய மாதம் நடந்தது.

அதற்கு முனியம்மாவைத் தெரிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் மருத்துவமனைப் பணியாளர். கூட்டுவது, கழுவுவது, டீ வாங்கி வருவது, புதன்கிழமைகளில் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரோடு ஊர்களுக்குப் போவது எல்லாம் அவர் வேலை. அந்த ஊர்களில் ஒன்று அவருடைய சொந்த ஊர். புதன்கிழமை காலையில் வந்தவுடன் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்து மேசையில் பரப்புவார். பெட்டி கட்டுவதும் வழக்கமாக அவர்தான். மேலே வேர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் அவற்றைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கல்லாக இருக்கும்போதே வைத்துவிட்டால், பக்கத்திலிருக்கும் ஊசி மருந்து உறைந்துவிடும். உறைந்தது பிறகு உருகினால் பார்வைக்கு முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும், குலுக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைக்குப் போட்டால் வீக்கம் வரும், பாதுகாப்பு வராது.

அந்தப் புதன்கிழமை நான் மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்கத் தருமபுரி போயிருந்தேன். மாலையில் திரும்பி வந்து, ஊரிலிருந்து மிச்சமாக வந்த குப்பிகளைக் குலுக்கி வைத்தேன். நல்ல மருந்து கலங்கினால் கலங்கியபடி நிற்கும். இது சுண்ணாம்புத் தண்ணீர்போல் தெளிந்து அடியில் செதில் செதிலாக இறங்கியது. குப்பியை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன். அவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"பெட்டி யார் கட்டினது?"

சிஸ்டர் உடனே பதில் சொன்னார். "பெட்டி கட்டறது எப்பவும் முனியம்மாதானுங்க டாக்டர்."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம். முனியம்மா, "நான் வரும்போதே பொட்டி மூடிக் கெடந்துச்சுங்க, நான் தூக்கிட்டுதாங்க போனேன்" என்றார். இரண்டு ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கு, சிஸ்டரின் முப்பது வருட அனுபவம் ஒரு பக்கம், ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் இன்னொரு பக்கம். என்னிடம் கேட்டார். காலையில் நான் இங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல முடியும்? முனியம்மாவைப் பெட்டிப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தக்காரருக்கும் புகார் போனது.

அன்று ஊசி போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் திரும்பவும் போட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகள் முனியம்மாவின் தெருப் பிள்ளைகள். பக்கத்து வீட்டுச் செல்வியின் பையனுக்குத் தொடை வீங்கிப் பல நாள் காலை ஊன்றவில்லை. ஊசியை முனியம்மாதான் கெடுத்தாள் என்று தெருவே பேசியது. முனியம்மா எடுத்துக் கொஞ்சப் போனபோது செல்வி பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எம் புள்ளையத் தொடாதக்கா" என்றாளாம். அந்த மாதம் அந்தத் தெருவில் ஒரு வளைகாப்பு. முனியம்மாவைக் கூப்பிடவில்லை.

மருந்துச் சன்னலுக்குக் கீழே தரையைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னார். "வேல போனா வேற வேல பாத்துக்குவேன் மேடம். கருப்பட்டிப் பாளையம் மில்லுல கூப்புடறாங்க. ஆனா அந்தத் தெருவுலதான் நான் படுத்து எந்திரிக்கணும். எம் மூஞ்சியப் பாத்துட்டு கதவ சாத்தறாங்க. அதுக்கு நான் எங்க போவேன்?"

பயிற்சியின் கடைசி வகுப்பு வந்தது. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பயிற்சியாளர் ஒரு உறுதிமொழி வாங்குவார். இங்கே பகிர்வது இங்கேயே இருக்கும், சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்பார். ஹாலில் இருந்த எல்லோரும் தூக்குவோம். நானும் தூக்கினேன். அன்றைக்கு, இத்தனை நாள் உங்களால் உங்களை மன்னிக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். சிஸ்டர் நாற்காலியை லேப்டாப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒருநாள் காலைல முதல் பஸ்ஸப் புடிக்கற அவசரம் மேடம். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்க அப்படியே பெட்டில வெச்சு மூடிட்டேன். குழந்தைங்களுக்கு மறுபடி ஊசி போடற மாதிரி ஆயிடுச்சு. ரொம்ப நாள் என்னை நானே திட்டிக்கிட்டேன். தூக்கம் இல்ல. இப்ப இந்தக் கிளாஸுக்கு வந்தப்பறம், தப்பு செஞ்ச அந்தப் பொண்ண, என்னைத்தான் மேடம் சொல்றேன், மடியில போட்டு தட்டிக் குடுக்கறேன். போகட்டும் கண்ணு, நீயும் மனுஷிதானேன்னு சொல்றேன்."

அழுதார். உண்மையான கண்ணீர். திரையில் இதயங்கள் மிதந்து மேலே போயின. மின்விசிறிக்காரர்கூட அன்று முகத்தைக் காட்டினார். "எவ்வளவு துணிச்சல்! இதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வந்தோம்" என்றார் பயிற்சியாளர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கேட்ட கதையில் முனியம்மா என்று ஒருவர் இல்லை. நான் இப்போது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். சிஸ்டர் ஓய்வு பெற்று, அதே பயிற்சியில் அனுபவம் பகிர்பவராகத் திரையில் வருகிறார் என்று கேள்வி. இதே கதையைத்தான் சொல்கிறாராம்.

சிஸ்டர் அழுத அன்று ஹாலில் முனியம்மாவும் இருந்தார். டீத் தூக்கையும் காகிதக் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர், கதவருகிலேயே நின்றுவிட்டார். எல்லோரும் விடைபெற்று, நான் லேப்டாப்பை மூடும்வரை அசையவில்லை. பிறகு தூக்கை மேசையில் வைத்தார்.

"சிஸ்டர், அன்னைக்கு பொட்டி நீங்க கட்டினதுங்களா?"

சிஸ்டர் திடுக்கிடவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முனியம்மா, அது நான் என் மனசுக்குள்ள முடிச்சுட்ட விஷயம்."

"எனக்கு முடியலீங்களே."

"இங்க பேசினது வெளிய போகக் கூடாது. எல்லாரும் கை தூக்கியிருக்கோம்."

"நான் தூக்கலீங்க. கிளாஸுக்கு என்னைய யாருங்க கூப்பிட்டாங்க? நான் டீ கொண்டாந்தவ."

ஸ்டாஃப் நர்ஸ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டர் முகத்தில் பொறுமை அதிகமாகிக்கொண்டே போனது. முனியம்மா குரலை உயர்த்தவில்லை.

"டாக்டர்கிட்ட எல்லாம் வேண்டாமுங்க. வர்ற புதங்கெழம எங்க ஊருக்குத்தான வர்றீங்க? பொம்பளைங்க எல்லாம் இருப்பாங்க. அங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "சொல்றேன் முனியம்மா. கண்டிப்பா சொல்றேன். எனக்கும் அது நல்லதுதான்."

முனியம்மா கேட்டுக்கொண்டதால் நானும் டாக்டரிடம் போகாமல் புதன்கிழமைக்காகப் பொறுத்திருந்தேன். அன்று ஐஸ் பேக்குகள் வேர்க்கும்வரை நின்று பார்த்து, பெட்டியை நானே கட்டி, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சிஸ்டரோடு பஸ் ஏறினேன். முனியம்மா அன்று வேலைக்கு வராமல் ஊரிலேயே இருந்தார். துவைத்து மடித்த புடவையில் அங்கன்வாடி வாசலில் நின்றிருந்தார். முடி சீவிப் பூ வைத்திருந்தார். உள்ளே பாயில் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் செல்வி. யாரும் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

சிஸ்டர் மேசையருகில் நின்றார். "ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த பேசணும்."

முனியம்மா ஓரடி உள்ளே வந்தார்.

"முன்னாடி நடந்தது நம்ம எல்லாருக்குமே வருத்தம். பிள்ளைங்க கஷ்டப்பட்டுச்சு. ஆனா மனுஷங்கன்னா தப்பு நடக்கும். தப்ப நெனச்சு நெனச்சு ஒருத்தர ஒதுக்கி வெக்கக் கூடாது. அது அவங்களயும் வருத்தும், நம்மளயும் வருத்தும்." கையை நீட்டி வாசலைக் காட்டினார். "நான் முனியம்மாவ முழு மனசோட மன்னிச்சுட்டேன். நீங்களும் மன்னிச்சுருங்க."

பின்னால் யாரோ, "சிஸ்டருக்கு எத்தன பெரிய மனசு" என்றார்கள். ஒரு கிழவி தலையாட்டினாள்.

அந்த நிமிடத்தைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் திட்டம் போட்டுத்தான் சொன்னார் என்றால் எனக்கு வேலை சுலபம், வெறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதிதான் இருந்தது. தன்னைக் கழுவிக் கழுவி, அந்தக் காலையில் பெட்டியை மூடிய கை யாருடையது என்பதையே கழுவிவிட்டிருந்தார். இன்றுவரை எனக்கு அவர்மேல் உள்ள அருவருப்பு அந்த நிம்மதியைப் பார்த்ததில் வந்தது.

"மன்னிச்சுட்டீங்களா சிஸ்டர்?" என்றார் முனியம்மா.

"ஆமா முனியம்மா."

"நான் உங்கள மன்னிக்கலீங்க."

செல்விதான் முதலில் திரும்பினாள். "என்னக்கா பேசற? அவங்கள நீ எதுக்கு மன்னிக்கணும்?"

"ஐஸ் கட்டிய வேர்க்க வெக்காம பொட்டிக்குள்ள வெச்சவங்க அவங்க. நான் போறதுக்குள்ள மூடி வெச்சிருந்தாங்க. நான் தூக்கியாந்தேன், அவ்வளவுதான். போன வாரம் டிவி மாதிரி ஒண்ணு முன்னாடி உக்காந்து அவங்களே சொல்லி அழுதாங்க. அங்க இருந்தவங்களுக்கெல்லாம் சொன்னாங்க செல்வி. உனக்கும் எனக்கும்தான் சொல்லல."

செல்வி சிஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நெசமாங்க மேடம்?"

ஒவ்வொரு வகுப்பிலும் கை தூக்கியவள் நான்.

"நெசந்தான். சிஸ்டர் சொன்னத நானும் கேட்டேன்" என்றேன்.

"பாப்பா, அது அந்த ரூமுக்குள்ள பேசினது" என்றார் சிஸ்டர். கோபம் இல்லை, நம்பிய ஒருத்தி கைவிட்டுவிட்ட வருத்தம்தான் இருந்தது. செல்வி பையனை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். முனியம்மா அங்கே போய் உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். முனியம்மா அந்தக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியதிலிருந்து ஆரம்பித்தார்.

சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றி, "யாருங்க மொதல்ல?" என்றார். இன்னொரு முறையும் கேட்டார். முனியம்மா சொல்லி முடிக்கும்வரை ஒருத்தியும் பிள்ளையை நீட்டவில்லை.